மெஸ் குப்பையைத் தெருத்தொட்டிக்கு அனுப்பாமல் பயன்படுத்துவது எப்படி?

கோவையில் நாங்கள் நடத்துவது சின்ன மெஸ். மத்தியானம் அறுபது எழுபது இலை விழும், முப்பது பார்சல் போகும். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை, ராத்திரி கடை சாத்தும்போது இரண்டு டிரம் நிறையக் குப்பை வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு சின்னச் சாக்குதான். எப்படி என்று கேட்கும் கடைக்காரர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுழற்சிப் பொருளாதாரம் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். கடைக்குள் அதற்கு அர்த்தம் இதுதான்: காசு கொடுத்து வாங்கின எதுவும் ஒரே தடவையில் செத்துப் போகக் கூடாது, இன்னொருவருக்கு ஏதாவது ஒரு வேலைக்கு ஆக வேண்டும். எல்லாம் எல்லாவற்றோடும் கலந்துவிட்டால் எதுவும் யாருக்கும் ஆகாது. அதனால் கீழே சொல்வதில் பாதி, கலக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

1. ஏழு நாள் எடை போடுங்கள்

ஒரு கொக்கித் தராசும் ஒரு நோட்டும் போதும். இந்த வாரம் வேறு எதையும் வாங்காதீர்கள். காய்த்தோல், மீந்துபோன சமையல், எச்சில் இலை, டிகாக்ஷன் சக்கை, அட்டை, பால் கவர், பழைய எண்ணெய் என்று தனித்தனி வரி போட்டு, ராத்திரி ராத்திரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட வேண்டாம், அன்றைக்குக் கணக்கே வேறாக இருக்கும்.

எங்களுக்கு ஒரு நாளைக்கு 24 கிலோ வந்தது. அதில் 14 கிலோ எச்சில் இலையும் அதன் மேல் கிடந்த சாப்பாடும். இலையைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பொரியல். நாங்களே கேட்காமல் இரண்டாவது கரண்டி வைத்துக்கொண்டிருந்தோம். "பொரியல் வைக்கட்டுங்களா?" என்று கேட்டு வைக்க ஆரம்பித்ததும், கோஸ், பீன்ஸ் வாங்கும் அளவே குறைந்துவிட்டது. எந்தத் தொட்டியும் எந்த மெஷினும் வாங்குவதற்கு முன்பே கிடைத்த லாபம் அது. எடை போடாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

2. விழுகிற இடத்திலேயே பிரியுங்கள்

ராத்திரி உட்கார்ந்து பிரிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடக்காது. காய் நறுக்குகிற இடத்தில் காலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட், இலை எடுத்துப் போடுகிற இடத்தில் ஓட்டை போட்ட கூடை ஒன்று, அதன் கீழே தண்ணீர் வடிய ஒரு பேசின். பேப்பர், பாட்டில், டிஷ்யூ போட அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு டப்பா. மூன்று அடி தள்ளி வைத்தால்கூட அவசரத்தில் எல்லாம் ஒன்றிலேயே விழும்.

பால் கவரைக் கழுவிக் காயப்போட்டுக் கட்டி வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். வெட்டும்போது முனையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டியபடி விட்டுவிடுங்கள். அந்தக் குட்டித் துண்டுகளை யாரும் பொறுக்குவதில்லை, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். அட்டைப் பெட்டி நனையாமல் இருந்தால் போதும். முட்டை அட்டையை முட்டைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வார்.

3. வடை சட்டி எண்ணெய்

இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் கெட்டுப்போவதால் அதில் சேரும் 'போலார் காம்பவுண்ட்' என்கிற பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம். அளக்க மீட்டர் இருக்கிறது, சின்னக் கடைக்கு விலை அதிகம். சட்டியில் நுரை அடங்காமல் நிற்கிறதா, நிறம் கறுத்துப் பிசுபிசுக்கிறதா, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் இறக்கிவிடுங்கள். பழையதோடு புதியதை ஊற்றி ஓட்ட வேண்டாம்.

இறக்கின எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, மூடி போட்ட டின்னில் சேருங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. இதை மெத்தனால் சேர்த்து பயோடீசல் ஆக்குகிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அங்கே டீசலுக்குப் பதில் சோப்பாக மாறும், விலையும் குறையும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கிய, பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்து வேறு வேலைக்கு மாற்றும் 'ரூகோ' திட்டத்தில் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் கொடுங்கள். யார் யார் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். டின்னைப் பார்த்துவிட்டு அதிக விலை தருகிறேன் என்று வருபவர்கள் உண்டு. ரசீது தர மறுத்தால் கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் இன்னொரு தள்ளுவண்டிக்குப் போய், யாரோ ஒரு குழந்தை தின்கிற பஜ்ஜியாகத் திரும்பி வரக் கூடாது.

4. உரம்: நான் சறுக்கின இடம்

200 லிட்டர் நீல டிரம் நான்கு. சுற்றிலும், அடியிலும் விரல் நுழையும் அளவு ஓட்டை, கீழே செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான்காவது நிறைவதற்குள் முதலாவது ஆறிவிடும். ஆயத்தமாக விற்கும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கம்போஸ்டர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டுக்குச் சரி, மெஸ்ஸின் எடையை அவை தாங்காது.

காய்த்தோலில் தழைச்சத்தும் ஈரமும் அதிகம். அதைச் சமன்செய்யக் கரிச்சத்து உள்ள உலர்ந்த பொருள் வேண்டும். காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்க்கழிவு எதுவும் ஆகும். பிளைவுட் பட்டறைத் தூள் வேண்டாம், பசை கலந்திருக்கும். பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு நார்க்கழிவுதான் சுலபம்.

இங்கேதான் மாட்டினேன். கடையில் ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி வாங்கினேன். அட்டையில் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்தது, அப்படியே ஊறவைத்து, பொதபொதவென்று உப்பினதை அள்ளிக் காய்த்தோலோடு போட்டேன். ஒன்பதாம் நாள் டிரம்மைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடிப் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டது. அவர்கள் வந்து கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. எங்கள் சமையல் அக்கா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, ஈரத்துணிய வெச்சே ஈரத்தத் தொடச்சா எப்படிக் காயும்?"

விஷயம் அவ்வளவுதான். ஊறவைக்கச் சொல்வது செடி நடுகிறவர்களுக்கு. நமக்கு அது உறிஞ்சுகிற பஞ்சாக வேண்டும், ஏற்கெனவே குடித்து நிறைந்த பஞ்சு எதை உறிஞ்சும்? இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் காற்று போகாது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர் பெருகும், நாற்றம் அதனால்தான் வருகிறது. கட்டி வாங்கினால் ஊறவைக்காமல் கடப்பாரையால் உடைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, நார் மில்லிலிருந்து உதிரியாக மூட்டையில் வாங்கி வெயிலில் ஒரு நாள் காயவைப்பது.

தினமும் செய்வது இது. காய்த்தோலையும் இலையையும் கையகலத்துக்கு நறுக்குங்கள். வாழையிலையை முழுதாகப் போட்டால் நடு நரம்பு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், இலைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து தார்ப்பாய் போலக் காற்றையும் அடைக்கும். ஒரு பக்கெட் ஈரக் கழிவுக்கு ஒரு பக்கெட் காய்ந்த நார்க்கழிவு. முதல் நாள் மட்டும் புளித்த மோர் ஒரு சொம்பு, பழைய உரம் இருந்தால் இரண்டு கை. மூன்று நாளைக்கு ஒரு தடவை கம்பியால் கிளறிவிடுங்கள்.

பதம் பார்க்கிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், புட்டு மாவுப் பதம். ஒரு கை அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கும்போது விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் இன்னும் நார்க்கழிவு சேருங்கள். பிடியே நிற்காவிட்டால் கழுநீர் தெளியுங்கள்.

ஒரு வாரத்தில் உள்ளே சூடு ஏற வேண்டும். இரும்புக் கம்பியைச் சொருகிப் பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் சரியாக வேலை நடக்கிறது. சூடே இல்லையென்றால் கிளறுவது போதவில்லை, அல்லது ஈரம் மிஞ்சிவிட்டது.

சாம்பார் சாதம், ரசம் மாதிரி சமைத்த மிச்சத்தை முதல் இரண்டு மாதம் டிரம்முக்குள் விடாதீர்கள். கை பழகின பிறகு, ராத்திரி முழுக்க வடிதட்டில் வடியவிட்டு, இரண்டு பங்கு நார்க்கழிவோடு போடலாம். ஊறுகாய், அப்பளத்தில் உப்பு அதிகம், வேண்டாம். எலும்பும் கறியும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு, இரண்டரை மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் இருக்கும். சலித்து எடுங்கள். எங்களுக்குக் கீரை தருகிற தோட்டக்காரர் சாக்கில் வாங்கிப்போகிறார், பதிலுக்குக் கீரைக்கட்டு. பை போட்டுப் பெயர் ஒட்டி விற்பதானால் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை குறுக்கே வரும், அதற்கு நான் போகவில்லை.

5. பார்சலுக்குத் தூக்கு

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் அதில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேப்பர்தானே என்று வாங்கிவிடுகிறார்கள்.

நாங்கள் எவர்சில்வர் தூக்கு நாற்பது வாங்கினோம். முன்பணம் 150 ரூபாய், திருப்பித் தரும்போது முழுதாகக் கொடுத்துவிடுவோம். சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் பார்சலில் 5 ரூபாய் குறைவு. வாங்கும்போது பக்கத்தில் கொக்கி போட்டு மூடுகிற மாடலாகப் பாருங்கள். வெறும் அமுக்கு மூடி போட்டது வண்டி மேட்டில் ஏறி இறங்கினாலே சாம்பார் சிந்தும். பிளாஸ்டிக் டப்பாவில் புளிக்குழம்பு வாசனை தங்கும், அதனால் எனக்கு எவர்சில்வர்தான்.

முதல் மாதத்தில் ஒன்பது தூக்கு வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வீட்டுப் பாத்திரத்தோடு கலந்துவிட்டது. பாத்திரக் கடையில் கொடுத்து ஒவ்வொன்றிலும் பேர் வெட்டி, நம்பரும் வெட்டினோம். இப்போது நோட்டில் பெயருக்கு நேரே நம்பர். வராவிட்டால், "அம்மா, 17ஆம் நம்பர் தூக்கு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று போனில் கேட்டால் போதும், மறுநாளே வந்துவிடுகிறது.

பின்சேர்க்கை

உரத்தில் வெள்ளையாகப் புழு நெளிகிறது, கொட்டிவிடட்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தட்டையாக, கொஞ்சம் கடினமான தோலோடு இருந்தால் அது கருப்புப் படைவீரர் ஈயின் புழு. கழிவைத் தின்று வேகமாகக் குறைத்துக் கொடுக்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தால் நார்க்கழிவை மேலே ஒரு சாண் பரப்புங்கள். கோழி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் அள்ளிக் கொடுக்கலாம்.

இன்னொன்று

டிரம் வைக்க இடமே இல்லாத மாடிக்கடைக்காரர் ஒருவர், மிச்சச் சோற்றை எல்லாம் மாட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். கழுநீர், காய்த்தோல் தாராளமாகக் கொடுக்கலாம். சோறு மட்டும் கொஞ்சமாகத்தான். மாடு ஒரேயடியாக நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ஊசிப்போனது கூடவே கூடாது. கல்யாண ஆர்டர் மிஞ்சின நாளில் அண்டாவோடு மாட்டுக்காரர் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். அவருக்கு முதலிலேயே போன் போட்டு, எத்தனை மாடு, எவ்வளவு தாங்கும் என்று கேட்டு, அந்த அளவு மட்டும் அனுப்புங்கள்.