பழைய பென்ஸ் வாங்குறவங்க டிக்கில ஒட்டியிருக்குற மாடல் நம்பரை நம்பாதீங்க, சேசிஸ் நம்பரைப் படிக்கக் கத்துக்கோங்க

பாண்டி ஈசிஆர் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போனா இப்பல்லாம் ஒரு புது ஸ்விஃப்ட் விலைக்கு பென்ஸோட நடுத்தர சைஸ் கார் இ கிளாஸே கிடைக்குது, கடலூர்ல இருந்தும் நெறைய பேர் கெளம்பி வந்து பாக்குறாங்க. புரோக்கர் சொல்றது எப்பவும் ஒரே டயலாக்தான், "சார் 2009 மாடல், இ கிளாஸ், டாக்டர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர்". இதுல எந்த வண்டின்னே அவர் இன்னும் சொல்லலங்க. ஏன்னா 2009ல நம்ம ஊர் ஷோரூம்ல ரெண்டு வேற வேற இ கிளாஸ் இருந்துச்சு, வருஷ ஆரம்பத்துல எடுத்தவங்களுக்கு பழைய பாடி, அதாவது பழைய தலைமுறை வண்டி, செப்டம்பருக்கு அப்புறம் எடுத்தவங்களுக்கு புது பாடி. பார்ட்ஸ் விலை, வர்ற வியாதி, திரும்ப விக்கும்போது கிடைக்கிற காசு எல்லாமே அந்த பாடியை வச்சுதான், வருஷத்தை வச்சு இல்ல.

அதனால மொதல்ல செய்ய வேண்டியது ஆர்சியை வாங்கி சேசிஸ் நம்பரைப் பாக்குறது. மொத்தம் 17 எழுத்து இருக்கும். பெரும்பாலும் டபிள்யூடிபி இல்லன்னா டபிள்யூடிடின்னு ஆரம்பிக்கும், சமீபத்து கார்ல டபிள்யூ1கேன்னு வரும். அதுக்கு அடுத்து வர்ற மூணு நம்பர்தான் விஷயமே. பாடிக்கு கம்பெனி வச்ச கோட் அதான், 124ன்னு இருந்தா அது டபிள்யூ124, 211ன்னா டபிள்யூ211, 204ன்னா டபிள்யூ204. நல்ல பென்ஸ் மெக்கானிக்குக்கு போன் போட்டு "இ கிளாஸ்ணே"ன்னு சொன்னா "எது, 211ஆ 212ஆ"ன்னுதான் திருப்பிக் கேப்பார். இதே நம்பர் முன் கண்ணாடிக்கு கீழ ஓரத்துலயும் தெரியும், பாடிலயும் பொறிச்சிருக்கும், டபிள்யூ124 மாதிரி பழசுல பானட்டைத் தூக்கினா இன்ஜினுக்கும் உள் பக்கத்துக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகட்டுல, 2000க்கு மேல வந்ததுல பெரும்பாலும் முன்னாடி வலது சீட்டுக்கு அடியில கார்பெட்டைத் தூக்கிப் பாக்கணும், அதாவது நம்ம ஊர்ல டிரைவர் சீட்டு. மூணு எடத்துலயும் ஒரே நம்பர் இல்லன்னா விலையே பேசாதீங்க, வந்துடுங்க.

இப்ப இ கிளாஸ் கதை. நம்ம பக்கம் அதிகமா கை மாறுறது இதான்கிறதால இதை கொஞ்சம் விவரமாவே சொல்றேன். டபிள்யூ123 வந்தது 1976ல, மொத்தம் 27 லட்சம் வண்டி கிட்ட ஃபேக்டரில தயார் பண்ணாங்க. 200 டீ, 240 டீ, 300 டீன்னு டீசல்தான் பேர் வாங்குச்சு, வேகமே எடுக்காது, ஆனா நிக்கவும் நிக்காது. இதுக்கு முந்தின பாடி டபிள்யூ115ல, 1976 மாடல் 240 டீ ஒண்ணை கிரீஸ்ல ஒரு டாக்ஸிக்காரர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி 2004ல கம்பெனிக்கே குடுத்துட்டார், அது இப்ப அவங்க மியூசியத்து வண்டி. இந்தக் கதையைச் சொல்லித்தான் இன்னைக்கும் புரோக்கருங்க எல்லா பென்ஸையும் விக்கிறாங்க, அந்த இன்ஜினுக்கும் 2012 டீசலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

1984 கடைசில டபிள்யூ124. ஒத்தை வைப்பர், பெட்டி மாதிரி நேர் கோடு பாடி, பாத்த ஒடனே தெரிஞ்சிரும். 1993 வரைக்கும் இதுக்கு பேரு 230 இ, 300 இ, நம்பர் முன்னாடி எழுத்து பின்னாடி. 93ல மாத்தி இ 220ன்னு எழுத்தை முன்னாடி போட்டாங்க, இ கிளாஸ்ங்கிற பேரே அப்பதான் வந்துச்சு. 1995ல புனேல டெல்கோ (இப்ப டாடா மோட்டார்ஸ்) இடத்துல பென்ஸ் அசெம்பிளி ஆரம்பிச்சப்ப மொத வண்டியும் இதுதான், இ 220 பெட்ரோலும் இ 250 டீசலும். இப்ப டபிள்யூ124 தேடுறவங்க ஒண்ணு பாக்கணும், 93ல இருந்து 95 வரைக்கும் தயாரான இன்ஜின் வயரிங்ல மேல இருக்குற இன்சுலேஷன் சூட்டுல பொடிப் பொடியா உதிரும். பானட்டைத் தூக்கி ஒரு வயரை லேசா வளைச்சுப் பாருங்க, விரல்ல தூள் வந்தா ஹார்னஸ், அதாவது மொத்த வயர் கட்டையும் மாத்துற செலவு உங்க தலைல.

அடுத்தது 1995ல டபிள்யூ210, முன்னாடி நாலு உருண்டை லைட்டு. ஓட்ட சொகமான வண்டி, ஆனா துருப் பிடிக்கிறதுக்கு உலகம் பூரா பேர் போனது. கடல்காத்து அடிக்கிற ஊர்ல இதை வாங்குறது எனக்கு சுத்தமா புடிக்காத காரியம். இருந்தும் ஆசைப்பட்டா முன்வீல் ஆர்ச்சுக்குள்ள டார்ச் அடிச்சு ஸ்ப்ரிங் உக்கார்ற கிண்ணத்தைப் பாருங்க, அதை பாடியோட வெல்ட் பண்ணியிருப்பாங்க, துரு ஏறினா ஓட்டத்துலயே பிச்சுக்கிட்டு வந்த கேஸெல்லாம் இருக்கு. டோர் அடிப்பக்கம், டிக்கி பூட்டைச் சுத்தி, இங்கல்லாம் புதுசா பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க.

2002ல டபிள்யூ211. இதுல 2006 ஃபேஸ்லிஃப்ட்தான், அதாவது அதே பாடில செஞ்ச சின்ன மாத்தம்தான் கோடு. அதுக்கு முன்னாடி வந்ததுல எஸ்பிசின்னு கம்ப்யூட்டரை வச்சு பிடிக்கிற ஒரு பிரேக் சிஸ்டம் போட்டாங்க, 2004ல லட்சக்கணக்கான வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க, 2006ல அதையே தூக்கிட்டு பழையபடி சாதா பிரேக் போட்டாங்க. கண்டுபிடிக்க சுலபம், ராத்திரி நிறுத்தின வண்டியை காலைல கதவைத் தெறக்கும்போது பானட்டுக்குள்ள இருந்து ஒரு மோட்டார் விர்ருனு சத்தம் குடுத்துச்சுன்னா எஸ்பிசி. அந்தப் பம்ப் யூனிட்டு மாத்துற விலையைக் கேட்டுட்டு அப்புறம் வண்டி விலை பேசுங்க.

2009ல டபிள்யூ212. முன்னாடி லைட்டு கட்டம் கட்டமா தனித்தனியா இருந்தா 2013க்கு முன்னாடி, ஒரே கண்ணாடிக்குள்ள சேந்திருந்தா பின்னாடி. இப்பத்திக்கு காசுக்கேத்த வண்டின்னா 2013க்கு மேல வந்த 212 டீசல்தான்னு நான் சொல்லுவேன், ஒத்துக்காதவங்க இருப்பாங்க. அப்புறம் 2016ல டபிள்யூ213, இந்தியாவுக்கு 2017ல வந்தப்ப பின்சீட்டுக்கு கால் நீட்ட எடம் விட்டு நீளமான பாடியாவே விட்டாங்க, 2024ல இங்க வந்த 214ம் அதே மாதிரி நீளம்தான்.

இ கிளாஸை விட சின்னதான சி கிளாஸை சுருக்கமா பாத்துக்குவோம். 1982ல வந்த 190, அதான் டபிள்யூ201, இதோட அண்ணன். 1993ல டபிள்யூ202, 2000ல வேர்க்கடலை ஷேப்புல லைட்டு வச்ச டபிள்யூ203, இதுவும் துரு கேஸ்தான். 2007ல டபிள்யூ204, 2014ல டபிள்யூ205, 2021ல 206. 2014 மாடல் சி கிளாஸ்னு யாராச்சும் சொன்னா கண்டிப்பா சேசிஸ் நம்பர் பாருங்க, ஏன்னா 205 இந்தியாவுக்கு வந்ததே அந்த வருஷம் நவம்பர்ல, அதனால பாதிக்கு மேல 204ஆதான் இருக்கும், 205 விலை சொல்லுவாங்க.

பெரிய சொகுசு காரான எஸ் கிளாஸ் மேல ஆசை யாருக்கு இல்ல. 1972ல டபிள்யூ116, 78ல எலக்ட்ரானிக் ஏபிஎஸ் வந்தது இதுலதான், 79ல டபிள்யூ126, 91ல டபிள்யூ140ன்னு ரெட்டைக் கண்ணாடி போட்ட மகா பெரிய உருவம், 98ல 220, 2005ல 221, 2013ல 222, 2020ல 223. இதுல டபிள்யூ220 பாடி இப்ப அடிமாட்டு விலைக்கு வரும், வாங்கிடாதீங்க, ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் எறங்கி நிக்க ஆரம்பிச்சுதுன்னா அப்புறம் வண்டி உங்களுக்கு உழைக்காது, நீங்கதான் வண்டிக்கு உழைக்கணும்.

ஜீப் மாதிரி உசரமான எஸ்யூவி வண்டிங்கள்ல ஜி கிளாஸ் 1979லேந்து இருக்கு, அதை விடுங்க, நம்ம பட்ஜெட் இல்ல. எம்எல் 1997ல 163, 2005ல 164, 2011ல 166. 2015ல எம்எல் பேரை ஜிஎல்இன்னு மாத்தினாங்க, ஜிஎல் ஜிஎல்எஸ் ஆச்சு, ஜிஎல்கே போய் ஜிஎல்சி வந்துச்சு. பேர் புதுசு, ஆனா ஆரம்பத்துல வந்த ஜிஎல்இ உள்ளுக்குள்ள அதே 166தான், சேசிஸ் நம்பரைப் பாத்தா குட்டு வெளிப்பட்டுரும். ஜிஎல்லும் எம்எல்லும் ஒரே நம்பர்ல வரும், அதுல கொழம்ப வேணாம்.

இனி டிக்கி நம்பர். ஒரு காலத்துல 230ன்னா 2.3 லிட்டர், 300ன்னா 3 லிட்டர், நேர்மையா இருந்துச்சுன்னு பெருசுங்க சொல்லுவாங்க. அதுவும் முழுசா உண்மை இல்ல, 1968லயே 300 எஸ்இஎல்லுக்குள்ள 6.3 லிட்டர் வச்சாங்க, 190 இக்குள்ள இருந்தது 2 லிட்டர். ஆனா இப்ப கதை ரொம்ப முத்திடுச்சு. டபிள்யூ212ல இ 220 சிடிஐக்கும் இ 250 சிடிஐக்கும் ஒரே 2143 சிசி இன்ஜின்தான், ஒண்ணு 170 குதிரை, இன்னொண்ணு 204 குதிரை. பென்ஸோட வேக வண்டிப் பிரிவான ஏஎம்ஜி போட்ட சி 63ன்னா 204 பாடில 6.2 லிட்டர் வி8, 205ல 4 லிட்டர் ரெட்டை டர்போ வி8, 206ல 2 லிட்டர் நாலு சிலிண்டரும் கூட ஒரு கரண்ட் மோட்டாரும், மூணுக்கும் டிக்கில அதே 63. நம்பர் பேட்ஜும் ஏஎம்ஜி பேட்ஜும் ஆக்சஸரீஸ் கடையில சில்லறைக்கு கிடைக்குது, ஒட்டிக்க யாரையும் கேக்க வேணாம். சிடிஐன்னு இருந்தா பழைய டீசல், சின்ன டீ மட்டும் இருந்தா 2014, 15க்கு அப்புறம் பேர் மாத்தின டீசல், கம்ப்ரஸர்னு கே எழுத்துல இருந்தா சூப்பர்சார்ஜர் பெட்ரோல், 4மேட்டிக்ன்னா நாலு வீலும் இழுக்கும்.

வண்டி எதுன்னு தெரிஞ்சாச்சு, இப்ப நம்ம ஊருக்குன்னு ஒரு செக்கிங் இருக்கு, அது மத்த ஊர்க்காரங்க அவ்வளவா கண்டுக்காதது. 2015 கடைசில கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டில கொட்டின மழை, இது ரெண்டுலயும் முங்கின கார் எவ்வளவோ இருக்கு, அதெல்லாம் காயலான் கடைக்கே போயிருக்கும்னு நெனைக்காதீங்க, கழுவித் தொடைச்சு சென்ட் அடிச்சு வந்து நிக்கும். 211, 212, 204 இதுலல்லாம் சாம் மாட்யூல்னு பின்பக்க எலக்ட்ரிக் வேலையெல்லாம் பாக்குற பெட்டி டிக்கிலயே இருக்கு, தண்ணி போனா மொதல்ல சாவுறது அதான். ஸ்டெப்னி எடுத்துட்டு அந்தக் குழியைப் பாருங்க, சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து அடியில சேத்துக் கறை இருக்கான்னு பாருங்க, சீட் ரெயில் போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க, ஏசி போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மூக்கை வச்சுப் பாருங்க. பீச் ஓரம், சில்வர் பீச் பக்கம், துறைமுகம் பக்கம் வருஷக்கணக்கா வெளியில நின்ன வண்டின்னா லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. அப்படியே பென்ஸுக்குன்னு இருக்குற ஸ்கேனரை சொருகச் சொல்லுங்க, சாதா ஸ்கேனர்ல பாதி விஷயம் வராது.

கடைசியா பேப்பர். ரொம்ப மலிவா டீசல் பென்ஸ் வந்தா நம்பர் பிளேட்டு டிஎல்லான்னு பாருங்க, டெல்லில 10 வருஷம் தாண்டின டீசலுக்கு கெடுபிடி வந்ததால அங்கேருந்து நெறைய இந்தப் பக்கம் எறங்கியிருக்கு. வண்டி மோசம்னு அர்த்தம் இல்ல, ஆனா அந்த ஊர் ஆர்டிஓ குடுக்குற தடையில்லாச் சான்று (என்ஓசி), அதாவது ஃபார்ம் 28, கைல இல்லாம காசு குடுக்காதீங்க. பிஒய் 01 வண்டியை கடலூர்க்காரங்க வாங்கினாலும் இதே கதைதான், பாண்டியும் கடலூரும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் கணக்குல அது வேற மாநிலம், 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல வச்சு ஓட்டினா டிஎன் 31க்கு மாத்தியாகணும், மறுபடி லைஃப் டாக்ஸ் கட்டணும். புரோக்கர் சொல்ற விலையில அந்த டாக்ஸ் இருக்காது, ஆர்டிஓ ஆபீஸ்ல மொதல்லயே கேட்டு அந்தத் தொகையைக் கழிச்சுட்டு விலையை ஆரம்பிங்க.