மட்டு மதிப்புச் சமன்பாடு: புரோகிராம் நின்றுவிட்டது, விடை சரியா?

ஏ·எக்ஸ் − |எக்ஸ்| = பி. இதில் ஏ ஓர் அணி, பி தெரிந்த எண்களின் வரிசை, எக்ஸ் கண்டுபிடிக்க வேண்டிய வரிசை. மட்டு மதிப்பு எக்ஸின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி. பெங்களூரில் வைட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஆப்டிமைசேஷன் புரோகிராம் எழுதும் நம் ஆட்களிடம் இது பெரும்பாலும் லீனியர் காம்ப்ளிமென்டாரிட்டி கணக்காகவே (எதிர்மமல்லாத இரண்டு மதிப்புகளில் ஒன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற வகைக் கணக்கு) வந்து சேரும்.

பெரிய தவறு, முதல் சுற்றுக்கு முன்பே நடக்கிறது. ஏ-யின் சிங்குலர் மதிப்புகள் (அணி ஒரு திசையனை எவ்வளவு நீட்டும் அல்லது சுருக்கும் என்று காட்டும் எண்கள்) எல்லாம் 1-ஐ விடப் பெரியவை என்றால் எந்த பி-க்கும் ஒரே தீர்வுதான் என்று 2006-இல் ஆய்வாளர்கள் மங்கசாரியனும் மேயரும் நிறுவினார்கள். பலர் அதை ஐகன் மதிப்பு (அணி ஒரு திசையனைத் திசை மாற்றாமல் பெருக்கும் எண்) என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏ-க்கு ஓர் உதாரணம்: முதல் நிரை 3, 13. அடுத்த நிரை −1, −3. ஐகன் மதிப்புகள் இரண்டின் அளவும் 2, பார்க்க நிம்மதியாக இருக்கும். சிறிய சிங்குலர் மதிப்போ சுமார் 0.29. பி = (9, −3) என்றால் (−1, 1), (0.6, 0.6) இரண்டுமே விடை, கையால் போட்டுப் பாருங்கள். எது கிடைக்கும் என்பது எங்கே தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. நிபந்தனை பொய்த்தாலே தீர்வு இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறுதான். அது போதுமான நிபந்தனை, அவசியமானது அல்ல.

நியூட்டன் முறை (எக்ஸின் குறிகளை வைத்து மட்டு மதிப்பை நீக்கி, கிடைக்கும் சமன்பாட்டைத் தீர்த்து, புதிய குறிகளோடு திரும்பச் செய்வது) குவியவில்லை என்றால் சுற்று வரம்பை 100-லிருந்து 10,000 ஆக்குவது வழக்கமாகிவிட்டது. பயனில்லை. 0.5எக்ஸ் − |எக்ஸ்| = 1-க்குத் தீர்வே கிடையாது; முறை −2-க்கும் 0.667-க்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ் உறுப்புகளின் குறிகளை (நேர், எதிர்) மட்டும் சேமியுங்கள். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் எல்லாக் குறிகளும் ஒத்துப்போனால், முழுமையாக்கப் பிழை நீங்கலாக, அதுவே துல்லியமான விடை. இடைவெளி விட்டுப் பழைய குறிகள் திரும்பினால் சுழலில் மாட்டிவிட்டது, நிறுத்திவிடலாம்.

இன்னொரு வழி பிக்கார்ட் முறை: |எக்ஸ்|-இல் பழைய மதிப்பைப் போட்டுப் புதிய எக்ஸைக் காண்பது. இதில் ஏமாற்றுவது நிறுத்தும் இடம். 1.01எக்ஸ் − |எக்ஸ்| = 0.01-இன் விடை 1. பூஜ்யத்தில் தொடங்கினால் சுமார் 930 சுற்றுக்குப் பிறகு அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம் 0.000001-க்குக் கீழே போகும். உண்மைப் பிழை அப்போதும் ஏறக்குறைய 0.0001, அதாவது நூறு மடங்கு. ஏ·எக்ஸ் − |எக்ஸ்| − பி-யின் அளவை பி-யின் அளவால் வகுத்துப் பாருங்கள். இங்கே அது அந்த 0.0001-ஐ அப்படியே காட்டிக்கொடுக்கும்.

நேர்மாறு அணியைக் கணக்கிடவே வேண்டாம். பிக்கார்டில் ஏ மாறுவதில்லை, எல்-யூ பிரிப்பை (ஏ-யை இரண்டு முக்கோண அணிகளின் பெருக்கமாக உடைப்பது) ஒருமுறை செய்து வைத்தால் போதும். நியூட்டனில் குறி மாறும்போதெல்லாம் புதிதாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.