பயண வலைப்பூ எழுதிச் சம்பாதிப்பது எப்படி? ராமேஸ்வரத்தை வைத்து ஒரு செய்முறை

பயண வலைப்பூ எழுதிக் குடும்பம் நடத்த முடியுமா? முடியும். ஒரு ஊருக்குக் கிளம்புகிறவர் ரயில் டிக்கெட் எடுக்கும் முன், அறை போடும் முன், உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார் என்கிற நிலை வர வேண்டும். விளம்பரம், கமிஷன், சொந்த விற்பனை என்று எந்த வழியில் காசு வந்தாலும் அதற்கெல்லாம் ஆதாரம் அந்த நம்பிக்கைதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ராமேஸ்வரத்தை வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் குற்றாலமாகவோ கொல்லிமலையாகவோ இருந்தாலும் முறை இதேதான்.

படி 1: ஒரே வட்டாரத்தைப் பிடியுங்கள்

இந்தியா முழுக்க எழுதுகிறேன் என்று இறங்கினால் பெரிய நிறுவனங்களின் தளங்களோடு மோத வேண்டியிருக்கும். ஒரு வட்டாரத்துக்குள் நின்றால் அவர்களால் உங்களைத் தொட முடியாது. மாதம் ஒருமுறையாவது பஸ் செலவில் போய்வரக்கூடிய ஊராகப் பாருங்கள்.

ராமேஸ்வரம் ஏன் நல்ல தேர்வு? ஆண்டு முழுக்க ஆள் வருகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று நெரிசல் நாட்கள் முன்கூட்டியே தெரியும். வடக்கிலிருந்து யாத்திரை வருகிறவர்கள் ஏராளம் என்பதால் ஆங்கிலத்தில் எழுதவும் இடமிருக்கிறது. தனுஷ்கோடி, பாம்பன், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், தேவிபட்டினம், உத்திரகோசமங்கை என்று சுற்றிலும் எழுத நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல்முறை வருகிறவர்கள் குழம்பிப்போகிற ஊர் அது. அவர்கள் எங்கே குழம்புகிறார்களோ அங்கேதான் உங்கள் எழுத்துக்கு வேலை.

படி 2: தளத்தை அமையுங்கள்

கையில் காசே இல்லையென்றால் கூகுளின் பிளாகர் இலவசம். தொழிலாகச் செய்வதென்றால் சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கி, ஹோஸ்டிங் (தளத்தை வைக்க இணையத்தில் வாடகை இடம்) எடுத்து, பதிவுகளை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் நிறுவுங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு கேட்பார்கள் என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் மிகவும் கூடுதலாக இருக்கும்.

ராமேஸ்வரம் என்றே தளத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் நாளைக்குத் தொண்டி, ஏர்வாடி என்று விரியும்போது இடிக்கும். வட்டாரம் முழுவதற்கும் பொருந்துகிற பெயராக யோசியுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ், பதிவின் தலைப்பிலிருந்தே அதன் முகவரியை உருவாக்கும். தலைப்பு தமிழில் இருந்தால், அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் சதவீதக் குறிகளும் எண்களுமாக உடைந்து பல வரிக்கு நீண்டுவிடும். பார்க்கிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார். வெளியிடும் முன் முகவரிப் பெட்டிக்குள் போய், ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் படங்கள். செல்போனில் எடுத்த படம் நான்கைந்து எம்.பி. இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, 150 கே.பி.க்குள் கொண்டுவந்த பிறகே ஏற்றுங்கள். உங்கள் வாசகர் ஓடும் ரயிலில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில்தான் பதிவைத் திறப்பார்.

படி 3: கேள்விகளைச் சேகரியுங்கள்

கூகுளில் ஊர்ப் பெயரைத் தட்டி ஒரு இடைவெளி விடுங்கள். கீழே வரிசையாக விழுகிற பரிந்துரைகள் எல்லாம் மக்கள் உண்மையாகவே தேடுகிறவை. அவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தளம் தொடங்கியதும் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்துவிடுங்கள், அது இலவசம். எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று சில வாரங்களில் அதுவே காட்டத் தொடங்கும்.

இதைவிட நல்ல வழி, நேரில் கேட்பது. லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர், ரயில் நிலையத்து ஆட்டோக்காரர், அக்னி தீர்த்தக் கரையில் கடை வைத்திருக்கும் அக்கா என்று மூன்று பேரிடம், "வர்றவங்க உங்ககிட்ட அடிக்கடி என்ன கேப்பாங்க?" என்று கேளுங்கள். இணையத்தில் இன்னும் யாரும் எழுதாத கேள்விகள் அங்கே கிடைக்கும்.

2024 முதல் இந்தியாவில் கூகுள் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்துவிடுகிறது. நடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது போன்ற ஒற்றை வரிப் பதிலுக்காக இனி யாரும் உங்கள் தளத்துக்குள் வரமாட்டார்கள். "முழங்கால் வலி உள்ள அம்மாவை 22 தீர்த்தமும் ஆட வைக்கலாமா?" என்பதற்கு நடந்து பார்த்தவர்தான் பதில் சொல்ல முடியும். கூகுளும் 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் எழுதுகிறவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. புதியவர்களுக்கு மிச்சமிருக்கும் இடம் அதுதான், அதுவே போதுமானது.

படி 4: முதல் பதிவை எழுதுங்கள்

"காலையில் ரயிலில் இறங்கி அன்று இரவே திரும்பலாமா? ராமேஸ்வரம் ஒருநாள் திட்டம்" என்று தலைப்பு வைத்துக்கொள்வோம். முதல் பத்தியிலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள்: திரும்பலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. சேதுவின் புராணப் பெருமை, ராமர் லிங்கம் வைத்த கதை எல்லாம் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் குழம்புவது எதை முதலில் செய்வது என்பதில்.

ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை ஐந்து மணியளவில். அதைப் பார்க்க வேண்டுமானால் முதல் வேலை அதுதான். அடுத்து கடலில், அக்னி தீர்த்தத்தில் குளியல். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஆள் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். பிராகாரத் தரை முழுக்க ஈரமாக இருக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். முடிந்ததும் நேராக மூலவரைப் பார்க்கப் போக முடியாது. ஈரத் துணியோடு உள்ளே விடமாட்டார்கள், உடை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்கேதான் மற்ற தளங்கள் நின்றுவிடும், உங்கள் பதிவு தொடங்க வேண்டும். மாற்றுத்துணிப் பையைத் தீர்த்தமாடும்போது யாரிடம் கொடுப்பது? பெண்கள் உடை மாற்ற எங்கே இடம், அது எப்படி இருக்கிறது? செல்போனை எங்கே வைப்பது? அறை எடுக்காமல் சமாளிக்க முடியுமா, சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தருகிறார்களா? எல்லாம் முடிந்து தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் அரிச்சல்முனையைப் பார்த்துத் திரும்பலாம்? மாலையில் சாலையை அடைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், தொகை, ஆகும் நேரம் மூன்றையும் நீங்களே பார்த்து எழுதுங்கள். கட்டணப் பலகையைப் படமெடுத்து, எடுத்த தேதியைக் கீழே குறிப்பிடுங்கள்.

இப்படி முப்பது பதிவுகள் சேர்ந்த பிறகு ஆங்கில வலைப்பூவைத் தொடங்கலாம். இதே பதிவுகளை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்தால் பயன் இல்லை, கேட்கிற கேள்விகளே வேறு. காரில் வரும் மதுரைக் குடும்பம் வண்டி நிறுத்தும் இடத்தையும் தர்ப்பணத்துக்கான ஏற்பாட்டையும் கேட்கும். காசியிலிருந்து வருகிறவர் கங்கை நீர் அபிஷேகத்துக்கு எங்கே கொடுப்பது, இந்தி பேசுகிற வழிகாட்டி கிடைப்பாரா, ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்பார். ஒரே பயணத்தில் இரண்டு பேருக்கும் தகவல் சேகரித்துவிடலாம்.

படி 5: வருமான வழிகளைத் திறங்கள்

முதலாவது விளம்பரம். உங்கள் தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. உங்களைப் பற்றி, தொடர்பு, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்களை வைத்து, பதிவுகள் கொஞ்சம் சேர்ந்ததும் விண்ணப்பியுங்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதைப் பதிந்தால்தான் பணம் கிடைக்கும். 100 டாலரைத் தொட்டதும் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் வங்கிக்கு அனுப்புவார்கள். முகவரியில் தெருப்பெயர், பின்கோடு எல்லாம் சரியாக இருக்கட்டும்.

அடுத்தது அஃபிலியேட். அகோடா, புக்கிங் டாட் காம் போன்றவற்றின் கூட்டாளித் திட்டத்தில் சேர்ந்து, உங்கள் இணைப்பு வழியாக யாராவது அறை போட்டால் கமிஷன் கிடைக்கும். அவர் வந்து தங்கிவிட்டுப் போன பிறகுதான் அந்தத் தொகை உறுதியாகும் என்பதை நினைவில் வையுங்கள். ஜனவரியில் போட்ட முன்பதிவு மே மாதத்துக்கு என்றால், காசும் மே மாதத்துக்குப் பிறகுதான். ஒரு ஊருக்கு இருபது விடுதிகளை அடுக்காமல், நீங்கள் படியேறிப் போய் அறையைப் பார்த்த நான்கை மட்டும் எழுதுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, அதிகாலையில் சாவி தருவார்களா, வெந்நீர் எத்தனை மணி வரை என்று சொன்னால் போதும். முடிவெடுக்க அவ்வளவுதான் வேண்டும்.

மூன்றாவது, சொந்தச் சரக்கு. ஒருநாள் திட்டம், இருநாள் திட்டம், வரைபடம், செலவுப் பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரு பி.டி.எஃப். கையேடு தயாரித்து, ரேசர்பே போன்ற கட்டண இணைப்பு வைத்து விற்கலாம். நான்காவது, பத்திரிகைகளுக்கும் டிராவல் ஏஜென்சிகளுக்கும் எழுதிக்கொடுப்பது. அந்த வேலை தேடி வருவதற்கு உங்கள் வலைப்பூதான் சான்று.

சரி, எண்களை வைத்துப் பார்ப்போம். இவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்களுக்கு மாறும். வீட்டுக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும். தமிழ்த் தளத்தில் ஆயிரம் பக்கப் பார்வைக்கு விளம்பரத்தில் 50 ரூபாய் வருகிறதென்றால், விளம்பரத்தை மட்டும் நம்பினால் மாதம் 8 லட்சம் பார்வை வேண்டும். ஒரு வட்டாரத் தளத்துக்கு அது எட்டாத உயரம். மாறாக, 1 லட்சம் பார்வையில் 5,000 ரூபாய். ஒரு முன்பதிவுக்குக் கமிஷன் 200 ரூபாய் என்றால் 60 முன்பதிவில் 12,000. 149 ரூபாய்க் கையேடு 80 பிரதி விற்றால், கட்டணச் சேவையின் பிடித்தம் போகக் கிட்டத்தட்ட 11,600. தலா 6,000 ரூபாயில் இரண்டு எழுத்து வேலை, 12,000. கூட்டினால் 40,600. இது நடக்கக்கூடிய கணக்கு.

முதல் ஆண்டில் இந்தக் கணக்கில் கால்வாசி வந்தாலே நல்லது. அதனால் வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள். தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவுக்கான தொகை வந்து, ஆறு மாதச் செலவு கையிருப்பும் இருந்தால் அப்போது யோசிக்கலாம். ராமேஸ்வரத்தில் நெரிசல் இல்லாத மாதங்கள் உண்டு, உங்கள் வருமானத்திலும் அது தெரியும்.

படி 6: ஓசித் தங்கலும் சட்டமும்

தளம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் விடுதிகள் இலவசமாகத் தங்கக் கூப்பிடும். போகலாம். ஆனால் எழுதும்போது இலவசமாகத் தங்கினேன் என்று பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது நாகரிகம் மட்டும் இல்லை, சட்டமும் கூட. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அஃபிலியேட் இணைப்பு இருக்கும் பதிவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். "இந்த இணைப்பில் முன்பதிவு செய்தால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும், உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் இணைப்புகளில் அது விளம்பர இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீட்டை (rel="sponsored") சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூகுள் தேடலில் தளமே கீழே போய்விடக்கூடும்.

வரிக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். பஸ் டிக்கெட், லாட்ஜ் பில், ஹோஸ்டிங் ரசீது எல்லாம் தொழில் செலவு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். 2022 ஜூலை முதல், ஒரே நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசத் தங்கல் போன்ற சலுகை கொடுத்தால் அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. ஒரு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

படி 7: பழைய பதிவுகளைத் திருத்துங்கள்

புதிய பதிவு எழுதுவதைவிட இதில் வருமானம் அதிகம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதற்குப் பிறகு ராமேஸ்வரம் வரும் ரயில்கள் பாலத்துக்கு இக்கரையிலேயே, மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றுவிட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அந்த வாரத்திலேயே "மண்டபத்தில் இறங்கி பஸ் பிடியுங்கள்" என்ற வரியை எடுத்துவிட்டுப் புதிய ரயில் நேரத்தைப் போட்டிருந்தால் தேடி வந்தவர் உங்களிடம் நின்றிருப்பார். பழைய வரியைப் படித்து மண்டபத்தில் இறங்கியவர் மறுபடி உங்கள் தளத்துக்கு வரமாட்டார்.

ஒரு நோட்டில் பதிவின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, மாறக்கூடிய தகவல் என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். கட்டணமும் ரயில் நேரமும் உள்ள பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை. ஆடி அமாவாசைப் பதிவை வைகாசியிலேயே திருத்தி வெளியிடுங்கள். ஆனி பிறந்ததுமே அறை தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.