கேம் ஏன் திணறுகிறது? புதிய கார்டு வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

புதிய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிய அன்று இரவே, எப்போதும் திணறும் அந்த நகரக் காட்சிக்குள் நுழைந்து பார்த்தேன். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃப்ரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை, பழைய கார்டில் இருந்த அதே 65-ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அதே வெட்டு, அதே இழுவை. செலவான பணத்தைவிட, காரணம் புரியாததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த பத்து நாள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில் கோளாறு ரேமில் இருந்தது தெரிந்தது. புதிதாக எதையும் வாங்காமலே சரியாகிவிட்டது. அந்தப் பத்து நாளில் கற்றதை, ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கும் வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் "உங்கள் கணினியில் இத்தனை சதவீதம் பாட்டில்நெக்" (ஒரு பாகம் மற்றதைத் தடுக்கும் நிலை) என்று சொல்லும் கால்குலேட்டர் தளங்களை நம்பாதீர்கள். ஒரே கணினியில் ஒரு கேம் கார்டால் தடைபடும், இன்னொன்று பிராசசரால் தடைபடும். ஒரே கேமிலேயே காட்டுக்குள் கார்டு திணறும், சந்தைக்கூட்டத்துக்குள் பிராசசர் திணறும். இதையெல்லாம் ஒரே சதவீதத்தில் அடக்கவே முடியாது.

அடிப்படை இவ்வளவுதான். ஒவ்வொரு ஃப்ரேமிலும் யார் எங்கே நிற்கிறார், எது எதன்மேல் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற கணக்கைப் பிராசசர் போட்டுக் கொடுக்கும். கார்டு அதை வரையும். சித்தாள் கல் எடுத்துத் தந்தால்தான் கொத்தனார் சுவர் எழுப்ப முடியும். கொத்தனாரின் கை ஓயாமல் ஓடுகிறதா, கல்லுக்காகக் காத்து நிற்கிறாரா? நாம் கண்டுபிடிக்க வேண்டியது இதுதான்.

படி 1: பூட்டுகளை எல்லாம் திறந்துவிடுங்கள்

சோதனை முடியும்வரை, எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் வேண்டாம். கேமுக்குள் இருக்கும் எஃப்பிஎஸ் வரம்பையும், என்விடியா கண்ட்ரோல் பேனல் அல்லது ஏஎம்டி அட்ரினலினில் எப்போதோ வைத்த வரம்பையும் எடுத்துவிடுங்கள். ஃப்ரேம் ஜெனரேஷனையும் அணைத்துவிடுங்கள். அது நடுவில் செருகும் ஃப்ரேம்களும் சேர்ந்தால் எண்ணிக்கை உண்மையைச் சொல்லாது. லேப்டாப் என்றால், அதோடு வந்த சார்ஜரில் செருகியிருக்க வேண்டும்.

மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று எட்டிப் பாருங்கள். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட்டையும், அதாவது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதையும், பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60-லேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 2: அளவுகளைத் திரையிலேயே கொண்டுவாருங்கள்

டாஸ்க் மேனேஜர் மட்டும் போதாது. கேமை விட்டு வெளியே வந்து பார்ப்பதற்குள் நிலைமை மாறிவிடும். என் தேர்வு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர். எந்த நிறுவனத்தின் கார்டு என்றாலும் ஓடும், இலவசம். செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கத்துக்குப் போய் இவற்றைத் தேர்ந்தெடுங்கள்: ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜ், கோர் கிளாக் (அந்தச் சிப் ஓடும் வேகம்), ஜிபியு வெப்பநிலை, பவர், கார்டின் மெமரி, பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), ரேம், ஃப்ரேம்ரேட், ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்). பெயருக்குப் பக்கத்தில் டிக் அடித்தால் மட்டும் திரையில் வராது. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் "ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளே" என்ற பெட்டியிலும் டிக் அடிக்க வேண்டும்.

ஃப்ரேம்டைமை எண்ணாக வைக்காமல் கோட்டுப்படமாக வையுங்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் சுமார் 6.9. சராசரி 90 என்று காட்டும்போதும் நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்தால் கண்ணுக்கு வெட்டு தெரியும். அந்த வெட்டு சராசரியில் காணாமல் போய்விடும், கோட்டில் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

"எஃப்பிஎஸ் பூஸ்டர்" என்று வரும் மென்பொருள்களை இந்தக் கட்டத்தில் தொடவே தொடாதீர்கள். எது எதை மாற்றியது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

படி 3: ஒரே இடம், ஒரே பாதை

உங்களை எரிச்சலூட்டும் அந்த இடத்திலேயே ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரே பாதையில் இரண்டு நிமிடம் நடங்கள். மூன்று முறை செய்யுங்கள். முதல் முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஷேடர் (கார்டு வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) கம்பைல் ஆகும் வெட்டுகள் பெரும்பாலும் அதில்தான் வரும். கேமோடு வரும் பெஞ்ச்மார்க்கை நான் நம்புவதில்லை. பலவற்றில் கேமரா அழகாகப் பறக்கும், ஆனால் கூட்டத்தின் கணக்கு அங்கே குறைவு, பிராசசர் நோகாமல் தப்பித்துவிடும்.

படி 4: நான் சறுக்கிய இடம்

பழைய கார்டு இருந்தபோது என் திரையில் ஜிபியு 60 சதவீதம், பிராசசர் 30 சதவீதம். "பிராசசர் சும்மாதான் இருக்கிறது, கார்டுதான் அதிகமாக உழைக்கிறது, அப்படியென்றால் கார்டு போதவில்லை" என்று முடிவுகட்டினேன். புதிய கார்டு வந்ததும் ஜிபியு 40-க்கு இறங்கியது, எஃப்பிஎஸ் நகரவில்லை. என் வாசிப்பு அடியோடு தப்பு.

பிராசசரின் மொத்தச் சதவீதம் ஒரு சராசரி. என்னுடையது 6 கோர், 12 த்ரெட். அதில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான் காட்டும். பெரும்பாலான கேம்களில் ஒன்றிரண்டு முக்கிய த்ரெட்டுகள்தான் ஃப்ரேமின் வேகத்தை முடிவு செய்கின்றன. பன்னிரண்டு சித்தாள்கள் இருந்தும் கல் ஏற்றும் ஏணி ஒன்றுதான் என்றால், மீதிப் பேர் கீழே நிற்க வேண்டியதுதான். அவர்கள் சும்மா நிற்பதைப் பார்த்து ஆள் பலம் தாராளமாக இருக்கிறது என்று நினைப்பதுதான் நான் செய்த பிழை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனித்தனி த்ரெட்டுகளைப் பார்த்தாலும் எதுவும் 100-ஐத் தொடாமல் இருக்கலாம். விண்டோஸ் ஒரு த்ரெட்டை ஒரே கோரில் கட்டிப்போடுவதில்லை. ஒரு நொடிக்குள்ளேயே அங்கும் இங்கும் மாற்றும். வரைபடமோ நொடிக்கு ஒருமுறை சராசரி எடுக்கிறது. அதனால் ஒரே த்ரெட்டின் முழுச்சுமை நான்கு கோர்களில் 50, 60 என்று சிதறித் தெரியும்.

ஆகவே பிராசசர் எண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஜிபியு எண்ணைப் பாருங்கள். பூட்டு எதுவும் இல்லாதபோது ஜிபியு 95-க்கு மேல் நின்றால் தடை கார்டில் இருக்கிறது. 85, 70, 60 என்று இறங்கிக் கிடந்தால் கார்டு எதற்காகவோ காத்திருக்கிறது. அந்த "எதற்காகவோ" அநேகமாகப் பிராசசர் பக்கம்தான், அதாவது பிராசசர், ரேம், அல்லது கேமின் சொந்தக் குறை.

இதைவிடத் துல்லியமாக வேண்டுமானால் இன்டெலின் பிரசென்ட்மான் கருவியைப் போடுங்கள். 2023-இல் அதில் "ஜிபியு பிஸி" என்ற அளவைச் சேர்த்தார்கள். ஃப்ரேம்டைம் 15 மில்லிசெகண்ட், அதில் ஜிபியு பிஸி 14 என்றால் கார்டு. ஃப்ரேம்டைம் 15, ஜிபியு பிஸி 8 என்றால் மீதி 7 மில்லிசெகண்ட் கொத்தனார் கல்லுக்காக நின்ற நேரம். இன்டெல் கார்டு இல்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

படி 5: ரெசல்யூஷனைக் குறைத்துச் சரிபாருங்கள்

இது என் மனதுக்கு மிகவும் பிடித்த சோதனை. வேறு எதையும் தொடாமல் 1920×1080-ஐ 1280×720 ஆக்குங்கள். வரைய வேண்டிய பிக்சல்கள் 20 லட்சத்துச் சொச்சத்திலிருந்து சுமார் 9.2 லட்சமாகக் குறையும். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும், பிராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டு. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் புதிய கார்டு வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை. எனக்கு 65 இருந்தது 67 ஆனது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்தக் கார்டை வாங்கியிருக்க மாட்டேன்.

படி 6: பிராசசர் பக்கம் என்றால் முதலில் ரேம்

கேமின் தரவு முழுவதும் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான கேஷுக்குள் அடங்காது. பிராசசர் ஓயாமல் ரேமிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரேம் தாமதமாகப் பதில் சொன்னால் பிராசசர் காத்திருக்கும், ஆனால் அந்தக் காத்திருப்பையும் விண்டோஸ் "வேலை செய்கிறது" என்றே எண்ணிக்கொள்ளும். இதனால்தான் ரேம் கோளாறு பிராசசர் கோளாறு போலவே தெரிகிறது.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ஸ்பீடைப் பாருங்கள். ரேம் குச்சியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் அது தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை நாம்தான் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் டிடிஆர்4 பல நேரம் 2133-லோ 2400-லோ, டிடிஆர்5 பெரும்பாலும் 4800-லோ ஓடும். என் கணினியில் ஒருமுறை இயக்கி வைத்திருந்தேன். பிறகு பயாஸ் அப்டேட் போட்டபோது அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது கோளாறு, இரண்டு குச்சிகளும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தன. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2-வதிலும் 4-வதிலும் போட்டால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டு குச்சிகளும் ஒரே நேரத்தில் தரவு தரும் வழி, கிடைக்கும். போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் சரிசெய்ததும் அதே பாதையில் எனக்குச் சராசரி 65-லிருந்து 88-க்கு ஏறியது, 1% லோ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) 41-லிருந்து 58 ஆனது. வெட்டு பெரிதும் அடங்கிவிட்டது.

அதற்கும் மசியாவிட்டால் கேம் செட்டிங்ஸில் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வெளிச்சம் வரைவது) ஆகிய மூன்றையும் குறைத்துப் பாருங்கள். ரே டிரேசிங் கார்டை மட்டும் வாட்டுவதில்லை, பிராசசருக்கும் நல்ல சுமை ஏற்றும். டெக்ஸ்சரையும் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) ஆன்டி-அலையாசிங்கையும் (விளிம்புகளை மழுப்புவது) குறைத்தால் இங்கே ஒன்றும் ஆகாது.

படி 7: கார்டு பக்கம் என்றால் 99 சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள்

ஜிபியு யூசேஜ் என்பது கார்டு எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற கணக்கு. எவ்வளவு வேகமாகச் செய்தது என்பது அதில் இல்லை. சூட்டில் தளர்ந்து, 2500 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1400-ல் ஓடினாலும் 99 சதவீதம்தான் காட்டும். ஆகவே கோர் கிளாக்கையும் வாட்ஸையும் சேர்த்தே படியுங்கள். கேம் ஆரம்பித்ததும் ஒருமுறை, இருபது நிமிடம் கழித்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். கிளாக் சரிந்திருந்தால் தூசி, ஃபேன், கேஸின் காற்றோட்டம் என்று தேடுங்கள்.

பிராசசருக்கும் இதே கதைதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவியில் "தெர்மல் த்ராட்லிங்" (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரி "யெஸ்" என்று மாறுகிறதா பாருங்கள். வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் கார்டு 99-ல் திணறினால் நிழல், வால்யூமெட்ரிக் மேகம் போன்றவற்றைக் குறையுங்கள், அல்லது டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) போடுங்கள். அதற்கும் பிறகு கார்டு வாங்கலாம்.

எஃப்பிஎஸ் நன்றாக இருந்தும் வெட்டு மட்டும் வந்தால்

கார்டின் மெமரி நிரம்பியிருக்கலாம். ஆஃப்டர்பர்னர் 8-க்கு 7.8 காட்டுவது மட்டும் சாட்சியாகாது, கேம்கள் தேவைக்கு மேலேயும் பிடித்து வைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் "ஷேர்டு ஜிபியு மெமரி" கூடவே ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் டெக்ஸ்சர்கள் ரேமுக்கு வழிகின்றன. அங்கிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வர வேண்டும். 16 லேன் உள்ள பிசிஐஇ 4.0-வே நொடிக்குச் சுமார் 32 ஜிகாபைட்தான் தரும், கார்டின் சொந்த மெமரியோ அதைப்போல் பல மடங்கு வேகம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினால் வெட்டு நின்றுவிடும்.

புதிய பகுதிக்குள் நுழையும்போது மட்டும் வெட்டினால் ஸ்டோரேஜைப் பாருங்கள். கேம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சராசரி எஃப்பிஎஸ் அதனால் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். லோடிங்கும் இந்த வகை வெட்டும்தான் குறையும்.

பின்சேர்க்கை: முதலில் எழுதியபோது ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தேன். படி 5-ஐச் செய்த ஒரு வாசகருக்கு 1440-லிருந்து 1080-க்கு இறங்கியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை. பிராசசரை மாற்றலாமா என்று கேட்டிருந்தார். கேட்டுப் பார்த்ததில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி மோடில் இருந்திருக்கிறது. அந்த மோடில் 1440 என்று திரையில் தெரிந்தாலும் கார்டு உள்ளே வரைவது சுமார் 960 வரிகள்தான். அவர் கார்டு ஏற்கெனவே லேசான சுமையில்தான் இருந்தது. டிஎல்எஸ்எஸ்ஸை அணைத்துவிட்டு 1440-லேயே மறுபடி அளந்தபோது ஜிபியு 98 காட்டியது. அப்ஸ்கேலிங் போட்டால் தடை பிராசசர் பக்கம் நகரும், எடுத்தால் கார்டு பக்கம் திரும்பும். அவர் கடைசியில் எதையும் மாற்றவில்லை. டிஎல்எஸ்எஸ்ஸை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் அடர்த்தியை ஒரு படி குறைத்து, எஃப்பிஎஸ்ஸை 80-ல் பூட்டிக்கொண்டார். ஃப்ரேம்டைம் கோடு இப்போது நேராகப் போகிறது என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்.