புரட்டாசிக் கடலில் தூண்டில் எறிவதற்கு முன்னால்

போன புரட்டாசியில் என் தங்கச்சி மகன் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு அடிக் கம்பு, புது ரீல், பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீன்கள். விடிவதற்கு முன்னால் குமரி மாவட்டத்தில் எங்கள் கடியப்பட்டணம் கடப்புறத்தில் வந்து நின்றவன், "மாமா, கடல் குளம் மாதிரி கெடக்கு. எறியட்டா?" என்றான். "பொறு மக்கா. கம்ப மணல்ல குத்தி வச்சிட்டு கொஞ்சம் நில்லு" என்றேன். அரை மணி நேரம் நின்றோம். அவனுக்குக் கால் பரபரத்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் என்னென்ன பார்த்தேன் என்று அவன் அப்புறம் கேட்டான். அதைத்தான் எழுதுகிறேன். கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு இது. வள்ளத்தில் போகிறவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஆனியும் ஆடியும் எங்கள் மேற்குக் கரைக்குக் கச்சான் மாதங்கள். மேற்கிலிருந்து காற்று அறையும், கடல் கரையைத் தின்னும். விசைப்படகுகளுக்கு இந்தப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. சின்னமுட்டம் மட்டும் கிழக்குக் கரைக் கணக்கில் சேரும், அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆவணியில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் கணவாய் மீன் வந்து இறங்கும். புரட்டாசி பிறக்கும்போது கச்சான் தளர்ந்திருக்கும், ஆனால் முழுதாகப் போயிருக்காது. வாடை இன்னும் வந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். அதனால் காலையில் பார்த்த கடல் மதியத்துக்கு இருக்காது.

முதலில் அலையை எண்ணுங்கள். ஒரு அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை மனதுக்குள் நொடி எண்ணினால் போதும். ஐந்து, ஆறு, ஏழு என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. காற்று அடங்கினால் அதுவும் அடங்கும். பதினான்கு, பதினைந்து வருகிறது, கரையில் காற்றே இல்லை என்றால் கவனமாக இருங்கள். இந்துமாக்கடலின் தென்கோடியில் எப்போதோ அடித்த புயல் அனுப்பிய அலை அது. நடுக்கடலில் வள்ளத்துக்காரனுக்குக்கூட பெரிதாகத் தெரியாது, கரைக்கு வந்ததும்தான் நிமிரும். இது மிஞ்சும்போதுதான் கள்ளக்கடல் என்கிறோம். சித்திரை, வைகாசியில் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களிலும் வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இப்படிப்பட்ட கடல்தான். ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் போகவேண்டாம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பெரிய அலைகள் தனியாக வராது, கூட்டமாக வரும். வெகுநேரம் சின்ன அலைகள், பிறகு நாலைந்து பெரியது, பிறகு மறுபடி அமைதி. வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் அந்தப் பெரிய கூட்டத்தைப் பார்க்கவே மாட்டீர்கள். நான் அரை மணி நேரம் என்று சொல்வது அதற்காகத்தான்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. முட்டம் லைட் ஹவுஸுக்குக் கீழே உள்ள பாறைக்கட்டில் நானும் கூட்டுக்காரன் ஒருவனும் பாறைமீனுக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். அமைதியான காலை, கரைக்காற்று முதுகில் மெதுவாகப் பட்டது. என் காலுக்குக் கீழே பாறை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி நினைக்கவில்லை. இரவில் மழை இல்லை, அப்படியானால் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? சற்று முன்னால் ஏதோ ஒரு அலை அதுவரை ஏறியிருக்கிறது. கால் மணி நேரத்தில் அடுத்த கூட்டம் வந்தது. முதல் அலை முழங்காலைத் தட்டியது, இரண்டாவது என்னைத் தூக்கிப் பாறை இடுக்கில் போட்டது. அவன் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்து வீசி, நான் பிடித்துக்கொள்ள, மூன்றாவது அலை வருமுன் மேலே இழுத்தான். வலது முழங்கால் அன்று போனது. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். அதனால் பாறையில் நிற்பவர்களிடம் நான் கெஞ்சியே சொல்வேன்: ஈரக்கோட்டைப் பாருங்கள், அதற்கும் ஓர் ஆள் உயரம் மேலே, காய்ந்த இடத்தில் நில்லுங்கள். பச்சைப் பாசி படிந்த இடத்தில் காலே வைக்கவேண்டாம். தனியாகப் போகவேண்டாம்.

மணல் கரை என்றால் வேறு பாடம். ஆனி ஆடியில் கடல் கரையை அரித்து மணலை உள்ளே கொண்டுபோய் ஒரு திட்டாகப் போட்டுவைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையெல்லாம் கருமணல் மேலே தெரியும். புரட்டாசியில் அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பும். அப்போது கரைக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அலை தூரத்தில் ஒருமுறை உடைந்து, நடுவில் படுத்து, கரையோரம் மறுபடி உடைகிறது என்றால், படுக்கிற அந்த இடம்தான் பள்ளம். மீன் அதற்குள் மேயும். என் மருமகன் பலத்தையெல்லாம் சேர்த்து நூறு மீட்டர் எறிந்தான், இரை திட்டுக்கு அப்பால் விழுந்தது. முப்பது மீட்டரில் மெதுவாகப் போடச் சொன்னேன். இரண்டாவது எறிதலில் ஒரு நல்ல மடவை சைஸ் பாறைமீன் வந்தது.

இந்தத் திட்டில் அங்கங்கே வெட்டு இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் உடையாமல், கருத்து, கலங்கல் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுவது தெரியும். ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பிப்போகும் வழி அது. பூச்சி, குஞ்சு, நண்டு எல்லாவற்றையும் அது வாரிக்கொண்டு போவதால் பெரிய மீன் அதன் வாயில் காத்திருக்கும். இரையை அந்த வெட்டின் ஓரத்தில் போடுங்கள். ஆனால் அதற்குள் முழங்காலளவுகூட இறங்காதீர்கள். அமைதியாகத் தெரிகிறதே என்று குளிக்க இறங்குகிறவர்கள் சரியாக அங்கேதான் இறங்குகிறார்கள். தவறி மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தவேண்டாம், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடைகிற இடத்துக்கு வாருங்கள், அலையே கொண்டுவந்து போடும்.

அடுத்தது நீவாடு. நீரோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வடக்கிலிருந்து வருவதை வாநீவாடு என்பார் அப்பா, தெற்கிலிருந்து வருவதைச் சோநீவாடு என்பார். ஒரு நுரைத்திட்டையோ மிதக்கிற மட்டையையோ குறிவைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். கச்சான் காலத்தில் எங்கள் கரையில் தண்ணீர் பொதுவாகக் குளச்சல் பக்கமிருந்து கன்னியாகுமரி பக்கம் போகும். வாடைக் காலத்தில் திரும்பிவிடும். புரட்டாசியில் தயங்கும், சில நாள் ஓடவே ஓடாது. எண்பது கிராம் ஈயம் போட்டும் ஐந்து நிமிடத்தில் முப்பது காலடி தூரம் நகர்ந்துவிட்டால் அடித்தூண்டில் வேலைக்காகாது. அன்றைக்குப் பாறை முனைக்கு அந்தப் பக்கம், நீவாடு தட்டாத மறைவுக்குப் போய்விடுவேன். தண்ணீர் அசையவே இல்லை என்றாலும் மீன்பாடு குறைவுதான். மெதுவாக நடக்கிற ஆளின் வேகத்தில் பாதி ஓடினால் நல்ல நாள்.

காற்று பற்றிச் சுருக்கமாக. விடியலில் கரைக்காற்று, பத்து பதினொன்றுக்குக் கடல்காற்று. மேற்கே கடல் அடித்தால் பஸ் ஏறிச் சின்னமுட்டம், லீபுரம், வட்டக்கோட்டைப் பக்கம் போகலாம். ஒரே காலையில் கடலை மாற்றிக்கொள்ளும் வசதி நம் மாவட்டத்துக்கு உண்டு. குமரிக்கடலில் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் எந்தப் பக்கமும் போகவேண்டாம். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் ஊர்களில் அந்த அறிக்கையை யாரும் பாதி காதில் கேட்பதில்லை.

நிறம்தான் எனக்குப் பிடித்த பாடம். பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலே ஏறும். காலை வைத்தால் சில்லென்று இருக்கும், தண்ணீர் பச்சையாக இருக்கும். அந்தத் தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு, அதனால் தரையில் கிடக்கிற மீன் கரையைப் பார்த்து ஒதுங்கும். அதேசமயம் அந்தப் பச்சைதான் சாளைக்கும் அயிலைக்கும் சோறு. புரட்டாசி முடியமுடியத் தண்ணீர் சூடேறித் தெளியும். குளிர்ந்த பச்சையும் தெளிந்த நீலமும் சந்திக்கிற கோடு கரைக்குப் பக்கத்தில் வந்தால் அன்று சீலாவும் பாறைமீனும் அந்தக் கோட்டிலேயே வேட்டையாடும். மேலே ஆலாப் பறவைகள் குத்திக்குத்தி விழுவது தெரிந்தால் கேட்கவே வேண்டாம். சீலாவுக்கு முனையில் ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் தங்கூசி நூலை அறுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு பச்சை உண்டு. கஞ்சி போலக் கெட்டியாக, நாற்றத்தோடு, இரவில் அலை உடையும்போது மின்னும். நுண்ணுயிர் பெருகியதால் வருவது. அதில் மீன் நிற்காது. அப்படிப்பட்ட காலையில் கரையில் மீன் செத்து ஒதுங்கியிருந்தால் பொறுக்கிக் கறிவைக்காதீர்கள். சொறி (ஜெல்லி மீன்) நிறைய மிதந்தாலும் இடத்தை மாற்றுங்கள். உடம்பில் பட்டால் மணலால் தேய்க்கவேண்டாம், கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள்.

ஏற்றமும் வற்றமும் நம் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் கறுத்த வாவு (அமாவாசை), வெளுத்த வாவு (பௌர்ணமி) இரண்டையும் ஒட்டிய நாட்களில் இழுப்பு கூடும். நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும் என்று நினைவில் வைத்தால் அட்டவணை இல்லாமலே ஒரு வாரம் ஓட்டலாம். இது அதிகம் உதவுவது பொழிமுகங்களில். மணக்குடியில் பழையாறும், தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் கடலில் சேருமிடம். மழைக்குப் பிறகு பொழி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்திருந்தால், வற்றத்தில் ஆற்றுத்தண்ணீர் இறாலையும் பொடிமீனையும் வெளியே தள்ளும். கலங்கலும் தெளிவும் பிரிகிற விளிம்பில் கொடுவா காத்துக்கிடக்கும். உயிர் இறால் கிடைத்தால் அதையே போடுங்கள். பொழியோர மணல் அடியில் அரிபட்டுக் கிடக்கும், விளிம்பில் நிற்கவேண்டாம். இரண்டு எட்டு பின்னால் நின்றே எறியலாம்.

சாமான் விஷயத்தில் நான் அதிகம் சொல்வதில்லை. கைத்தூண்டிலே போதும். அரை மில்லிமீட்டர் தங்கூசி, அறுபது எண்பது கிராம் ஈயம், நடுத்தரத் தூண்டில் முள், இரைக்கு அன்றைக்குக் கரையேறிய சாளையோ கணவாய்த் துண்டோ. ஐஸில் இரண்டு நாள் கிடந்த சாளை முள்ளில் நிற்காது. கரமடி இழுக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் மடி ஏறும்வரை ஒதுங்கி நில்லுங்கள். அது அவர்கள் பிழைப்பு. குஞ்சுமீனைத் திருப்பி விடுங்கள். வயிறு ஊதும் பேத்தை மீன் மாட்டினால் முள்ளை அறுத்து விட்டுவிடுங்கள், அதைத் தின்னக்கூடாது. கெளுத்தியைக் கையால் பிடிக்கவேண்டாம். முள் ஏறிவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கிவைத்தால் கடுப்பு குறையும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனில் இரண்டு நம்பர் இருக்கட்டும்: கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

கடைசியாகப் பார்க்கவேண்டியது கடலுக்கு எதிர்ப்பக்கம். புரட்டாசிப் பாதிக்கு மேல் மதியம் கழிந்தால் மலைப்பக்கம் மேகம் கட்டும். எனக்கு வேளிமலைதான் கணக்கு. அதன் தலை கறுத்து, கரைக்காற்று திடீரென்று குளிர்ந்து வந்தால் அரை மணி நேரத்தில் இடி நம் தலைக்கு மேலே. வெட்டவெளிக் கடப்புறத்தில் கார்பன் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பது மின்னலுக்குக் கை காட்டுவது. அன்று மருமகனுக்கு மூன்றரை மணிக்குத்தான் மீன் வரிசையாகக் கொத்த ஆரம்பித்தது. "இன்னும் ஒரே ஒரு எறி மாமா" என்றான். மலையைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ரீலைச் சுற்றினான். வீட்டுக்குள் நுழையும்போது முதல் இடி விழுந்தது. பாறைமீன் இரண்டையும் தங்கச்சி புளிமுளம் குழம்பு வைத்தாள்.