தகடூர் நாட்டில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் கொடிவழியைத் தேடும் முறை

பழைய தகடூர் நாடாகிய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கொடிவழி (வம்சாவளி) தேடப் புறப்படுவோர் பலர் சங்ககாலத் தலைவன் அதியமானில் தொடங்கித் தம் பாட்டனாரை நோக்கி இறங்கி வருகிறார்கள். பாட்டனாரில் தொடங்கி மேலே ஏறுவதே முறை. ‘இன்னார் மகன் இன்னார்’ என்று சொல்லும் ஆவணம் ஒன்று கைக்குக் கிடைத்த பிறகே அடுத்த தலைமுறைக்கு ஏற வேண்டும்.

முதலில் வீட்டுப் பெட்டியில் உள்ள கிரயப் பத்திரங்களையும் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் திரட்டுங்கள். பாகப் பத்திரம் ஒன்று கிடைத்தால் தந்தையும் அண்ணன் தம்பிகளும் ஒரே தாளில் கிடைத்துவிடுவார்கள். பிறகு பழைய பட்டாவைத் தேடுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணியின்போது உட்பிரிவு எண்கள் பல மாறியதால், அதற்கு முந்தைய பதிவேட்டின் எண்ணைக் கேட்டுப் பெறுவது அவசியம். தருமபுரி மாவட்டம் 1965 இலும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இலும் உருவானவை. ஆகவே 1965-க்கு முந்தைய தாள்களைச் சேலம் மாவட்டத்தின் பெயரிலும், கிருஷ்ணகிரிப் பகுதியில் 1965 முதல் 2004 வரையிலான தாள்களைத் தருமபுரி மாவட்டத்தின் பெயரிலும் தேட வேண்டும்.

பெயர்களில் ஒரு பொறி உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், அதாவது பேரன். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருவதால், அறுபது ஆண்டு இடைவெளியில் உள்ள இரண்டு பத்திரங்களில் காணப்படுபவர் ஒருவரா இருவரா என்பதைத் தந்தை பெயரை ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்.

குடும்பத்தில் இனாம் நிலம் (வரி நீக்கியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த நிலம்) இருந்திருந்தால் அது பெரும் பேறு. 1858 இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் விசாரித்து எழுதிய பதிவேட்டில், மானியம் கொடுத்தவர், முதலில் பெற்றவர், விசாரணைக் காலத்தில் அனுபவித்தவர் ஆகியோரின் விவரங்களைக் காணலாம். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

மிட்டாதார் (ஏலத்தில் எடுத்த கிராமத் தொகுதிக்கு அரசுக்கு வரி கட்டும் பொறுப்பாளர்) குடும்பம் என்று சொல்லிக்கொள்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோ உள்ளிட்ட அவருடைய உதவியாளர்களும் நிலத்தை அளந்து குடியானவரோடு நேரடியாக வரி பேசினார்கள். அதன் பின்னர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிராமங்களைத் தொகுத்து மிட்டாக்களாக ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் அந்த ஊருக்கே புதியவராகவும் இருந்திருக்கலாம். எடுத்த மிட்டாவைப் பாக்கிக்காக இழந்தவர்களும் உண்டு. எனவே மிட்டாவின் வரலாற்றை அப்படியே குடும்பத்தின் வரலாறாகக் கொள்ளக் கூடாது. ஓசூர்ப் பகுதி 1799 இல்தான் கும்பினியிடம் வந்தது. அங்குள்ள பாளையக்காரர் குடும்பங்களைத் தேடுவோருக்குக் கன்னடமோ தெலுங்கோ படிக்கத் தெரிந்த துணை தேவைப்படும்.

இதற்கு மேலே கல்வெட்டுகளின் காலம். கல்வெட்டில் உள்ளது சக ஆண்டாக இருந்தால், கி.பி. ஆண்டைப் பெற 78 கூட்டிக்கொள்ளலாம். அரசனின் ஆட்சியாண்டாக இருந்தால் அவன் பட்டமேற்ற ஆண்டு தெரிய வேண்டும்: 985 இல் பட்டமேற்ற முதலாம் இராசராசனின் 20-ஆம் ஆண்டு ஏறத்தாழ 1004 அல்லது 1005 ஆகும். இப்பகுதியில் வேடியப்பனாக வணங்கப்படும் நடுகற்கள் பலவற்றில் எழுத்து உண்டு. ஆனால் தொறு (ஆநிரை) மீட்டு இறந்த வீரன் எந்தத் தலைவனின் சேவகன் என்று சொல்லும் அளவுக்கு, அவன் யாருக்கு மகன் என்று அவை சொல்வதில்லை. உங்கள் குலதெய்வக் கோயிலில் நடுகல் நிற்பதனால் மட்டும் அவ்வீரன் உங்கள் மூதாதை ஆகிவிட மாட்டான். இதைப் பங்காளிகள் கூடிய இடத்தில் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டு இதற்கு நல்ல பாடம். 1200-ஐ ஒட்டித் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கன், இயக்கி (சமணக் காவல் தெய்வங்கள்) உருவங்களைப் புதுப்பித்ததாக அது கூறுகிறது. அவன் இராசராசனின் (சோழ மன்னன் அல்லன், அதே பெயர் கொண்ட அதியமான்) மகன் என்பது ஒரு தலைமுறைச் சான்று. எழினியின் வழியினன் என்பது அவன் கொண்டாடிய உரிமை. உங்கள் கொடிவழிப் படத்திலும் முதல் வகையை முழுக் கோட்டாலும் இரண்டாவதைப் புள்ளிக் கோட்டாலும் வரைந்து, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஆவணத்தின் எண்ணையும் ஆண்டையும் குறித்து வையுங்கள்.