பௌத்தத்தை வாழ்க்கைப் பாடமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

பிறந்தது முதல் முதுமை வரை துணைவரும் கல்விக்குப் பௌத்தம் நல்ல அடித்தளம் என்கிறார்கள். சரிதான். ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? நான்கு வாய்மைகள், எண்வழிப் பாதை, எட்டையும் வரிசையாக எழுதினால் ஐந்து மதிப்பெண். கேட்பவரின் வயதும் நிலையும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுவதுதான் முதல் தவறு.

புத்தர் தம் மகன் இராகுலனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று பாருங்கள். புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான மச்சிம நிகாயத்தில் அவனுக்குச் சொன்ன உரைகள் மூன்று இருக்கின்றன. முதல் உரையின்போது அவனுக்கு வயது 7, இரண்டாவதன்போது 18 என்கின்றன அவற்றுக்கான பழைய விளக்க நூல்கள். ஏழு வயதுப் பையனிடம் அவர் நிலையாமையைப் பற்றி மூச்சே விடவில்லை. கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, "தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவரின் துறவு இவ்வளவுதான்" என்று காட்டினார். பிறகு அதைக் கொட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தார். நிமிர்த்தி, வெறுமையைக் காட்டினார். அடுத்து, கண்ணாடி எதற்கு என்றொரு கேள்வி. பார்த்துக்கொள்ளத்தான் என்றான் பையன். அதுபோலவே எதையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் பார்த்துக்கொள், உனக்கோ பிறருக்கோ இதனால் கேடு உண்டா என்றார். மூச்சைக் கவனிக்கும் பயிற்சி இரண்டாவது உரையில்தான் வருகிறது. சின்னப் பிள்ளைகளைக் கண்மூடி அரைமணி நேரம் உட்காரவைக்கத் துடிப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே" என்று புத்தர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இன்னொரு வம்பு. காலாமர் என்ற குலத்தாருக்கு அவர் சொன்னதில் பாதியை வெட்டி, ஒட்டும் போட்ட சரக்கு அது. இது பேராசையில், வெறுப்பில், மயக்கத்தில் பிறக்கிறதா, அறிவுடையோர் பழிப்பார்களா, நடந்து பார்த்தால் துன்பம் தருமா என்று சோதிக்கச் சொன்ன மறுபாதி காணோம். முதல் பாதியை மட்டும் கற்றவன் ஆராய மாட்டான், அடம்தான் பிடிப்பான்.

வீட்டைத் துறந்தவர் குடும்பஸ்தருக்கு என்ன சொல்வார் என்று ஒதுக்குவதும் தவறு. பெண்டாட்டி பிள்ளை, சந்தனம், பொன், வெள்ளி என்று வாழும் எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள் என்று தீகஜாணு என்ற கோலிய குலத்தவர் கேட்டார். முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்குள் செலவு என்று நான்கைச் சொன்னார் புத்தர். வருமானத்தை நாலாகப் பிரித்து, ஒரு பங்கை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, ஒன்றை ஆபத்துக்கு வை என்பது சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன கணக்கு. முதல் சம்பளம் வாங்கும் வயதுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

எல்லாவற்றிலும் கொடுமை, இழவு வீட்டில் "எல்லாம் நிலையற்றது" என்று தத்துவம் பேசுவது. செத்த குழந்தையோடு வந்த கிசா கோதமி என்ற தாயிடம் புத்தர் அப்படிப் பேசவில்லை. சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். வீடு வீடாக ஏறி இறங்கி அவளே தெரிந்துகொண்டாள்.

பசித்தவரிடம் ஆசையை விடு என்பதும் இதே ரகம். நம் மணிமேகலைக் காப்பியத்தில் அள்ளக் குறையாத அமுதசுரபி நாயகி மணிமேகலையின் கைக்கு வருவது 11ஆம் காதையில்; அங்கேதான் "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற வரியும் இருக்கிறது. பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அவள் அளவையும் (தருக்க முறை) தருமமும் முறையாகக் கேட்பது 29ஆம் காதையில், காஞ்சியில் பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் சோறிட்ட பிறகு.